எக்ஸ்டென்சிவ் என்றால்

டாக்டர் வெங்கடேஷ் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"என்னம்மா, ராத்திரி தூங்கினீங்களா? வாந்தி இருந்துச்சா?"

"ஒரு தபாதான் சார். காப்பி குடிச்சேன், அதான்" என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் அவள் வயிற்றில் கை வைத்து அங்கங்கே அழுத்திப் பார்த்தார். வலிக்கிற இடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மகள் தாரணியின் பக்கம் திரும்பினார். திரும்பியதும் ஸ்விட்ச் போட்ட மாதிரி இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்.

அந்த வார்டில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான். தூக்கத்தையும் வாந்தியையும் தமிழில் கேட்பார்கள். மற்றதையெல்லாம் நோயாளியின் தலைக்கு மேலே, கூட இருப்பவர்களில் யார் படித்தவரோ அவரிடம் இங்கிலீஷில் சொல்வார்கள். நோயாளி பயந்துவிடக் கூடாதாம். நோயாளி கீழே படுத்துக்கொண்டு, மேலே போகிற பேச்சை, வீட்டுக்கு மேலே பறக்கிற விமானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டாக்டர் வேகமாகப் பேசினார். ஸ்கேன், லிவர், சர்ஜரி என்று தெரிந்த வார்த்தைகளுக்கு நடுவே தெரியாத வார்த்தைகளும் வந்து விழுந்தன. அதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. த டிசீஸ் ஈஸ் எக்ஸ்டென்சிவ். வெரி எக்ஸ்டென்சிவ். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"யூ அண்டர்ஸ்டாண்ட், நோ? படிச்ச பொண்ணுதானே. அப்பாகிட்ட எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிடுங்க."

தாரணி தலையாட்டினாள். "யெஸ் டாக்டர்" என்றும் சொன்னாள்.

கேள்விப்பட்ட வார்த்தைதான். ஆனால் அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. காலேஜில் சேர்ந்த புதிதில், அக்கவுன்டன்ஸி வகுப்பில் எழுந்து நின்று ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். சர்ச் பார்க் கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்த முதல் பெஞ்சு சிரித்தது. மேடமும் லேசாகச் சிரித்துவிட்டு, "பஸ்ல வரும்போது டிக்‌ஷனரி படிச்சுட்டு வாம்மா" என்றார். அதோடு சரி. மூன்று வருஷமும் தலையாட்டியே பி.காம். முடித்தாள், முதல் வகுப்பில். சைதாப்பேட்டை ஆற்றோரத் தெருவில் அந்த வரிசைக்கே முதல் பட்டம் அவளுடையது. அடையாற்றில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ஸியில் வேலை. அங்கேயும் மேனேஜர் சொல்வதற்கு முதலில் தலையாட்டுவாள், பிறகு பாத்ரூமுக்குப் போய் போனில் தேடுவாள். இங்கிலீஷ் தெரியாதவர்களின் பாடு ஒரு மாதிரி என்றால், தெரிந்தவர்களைப் போல நின்றாக வேண்டியவர்களின் பாடு அதைவிட மோசம்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவள் மாடிப்படிக்கு வந்து போனை எடுத்தாள். விரிவான, பரந்த, விசாலமான என்று அது தமிழ் சொன்னது.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. விரிவான விடை என்றால் பத்து மார்க். பரந்த மனசு என்றால் யாரையோ பாராட்டுகிறார்கள். விசாலமான கார் பார்க்கிங் என்று ஃப்ளாட் விற்கிறார்கள். எல்லாமே நல்ல வார்த்தைகள். அம்மாவின் வயிற்றுக்குள் இருப்பதற்கு இதில் எதை எடுத்து வைப்பது? மறுபடியும் தேடினாள், இந்த முறை நோய் என்ற வார்த்தையையும் சேர்த்துப் போட்டு. நீளமான பக்கம் ஒன்று வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதிப் பக்கம் படிக்கும்போதே படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறிப் போனவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எழுந்து நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், ஆபரேஷன் பண்ணா கட்டிய எடுத்துடுவாங்கல்ல?"

நர்ஸ் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே, "டாக்டர் சொல்லலையா? எடுக்கிறதுக்கில்லம்மா. குடல் அடைச்சுக்கிட்டு இருக்கில்ல, அதுக்கு ஒரு வழி பண்ணுவாங்க. கொஞ்சம் ஆகாரம் இறங்கணும்ல" என்றார். பிறகு தலை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டார்.

தாரணியின் அப்பா ஜவஹர் மத்தியானம் வந்தார். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறவர். யூனிஃபார்மோடே வந்திருந்தார், சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்திருந்தது. தங்கபுஷ்பத்துக்கும் அதே கடையில்தான் வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மடித்து அடுக்குகிற வேலை. ஆஸ்பத்திரி வாசலில், மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தின் ஓரமாக இருந்த டீக்கடையில் அப்பாவும் மகளும் நின்றார்கள்.

"இன்னா சொன்னாரு?"

"பரவிடிச்சுப்பா."

"எவ்ளோ?"

அந்த இங்கிலீஷ் வார்த்தை வாய் வரை வந்தது. முழுங்கினாள். "வயிறு பூரா."

ஜவஹர் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆப்ரேசன் பண்ணா?"

"அடைப்புக்கு மட்டும்தான். கட்டி அப்படியே இருக்கும். மலம் போறதுக்கு வயித்துக்கு வெளிய ஒரு பை வெப்பாங்க."

ஒரு லாரி பின்பக்கமாக வந்து, தகரத்தை இடித்துவிடும்போல நின்றது. கடைக்காரர் அதைத் திட்டினார். ஜவஹர் மகள் பக்கம் திரும்பினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத."

"ஏன்?"

"தாங்க மாட்டா."

"வந்துருக்கிறது அவங்களுக்குப்பா. உனக்கில்ல."

"தோ பாரு. படிச்சுட்டேன்னு எல்லாத்தையும் பேசிக்கினே போவாத. எங்க அக்காவுக்கு நோவு வந்தப்ப சொன்னோம். சொன்ன அன்னிலேர்ந்து சோத்த தொடல. சொவத்தையே பாத்துக்கினு கெடந்துச்சு. நோவு கொல்றதுக்கு முன்னாடி நாங்க சொன்னதுதான் கொன்னுச்சு." டீயைக் கீழே ஊற்றினார். "உனுக்கு கோவம் வருதுன்றதுக்காக அவ சாவணுமா?"

யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தையைப் பற்றி அவளுக்கு ஞாபகமே கிடையாது. ஆனால் அப்பா அந்தச் சுவரை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "சரி" என்றாள்.

வார்டில் தங்கபுஷ்பம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் ஷகீலாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். ராயப்பேட்டையில் பூர்வீகமாக வளையல் கடை வைத்திருக்கிற குடும்பம். இந்த ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது தடவை வருகிறாளாம், அதனால் வார்டுக்கே அவள்தான் சட்டம் சொல்வாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா தாரணி? இந்த டாக்டருங்க இருக்காங்களே, தமிழ்ல பேசினாங்கன்னா நீ வூட்டுக்குப் போவப் போறன்னு அர்த்தம். இங்கிலீசுல பேசினா இங்கியே பாய விரிச்சுக்கோன்னு அர்த்தம். எனக்கு இன்னிக்குத் தமிழ்லயே சொல்ட்டாரு, நாளன்னிக்குப் போலாம்னு. உங்கம்மாவுக்கு ஒரே இங்கிலீசு."

"சும்மா இரு ஷகீலா" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு மகளைப் பார்த்தாள்.

"எக்ஸ்டென்சிவ்னா இன்னா?"

அம்மா அந்த வார்த்தையைக் கொட்டாமல் சிந்தாமல் பிடித்து வைத்திருந்தாள். உச்சரிப்பில்கூடப் பிசகவில்லை. மேலே போன பேச்சு முழுக்கப் போய்விட்டது, இந்த ஒன்றை மட்டும் கையை நீட்டிப் பறித்திருக்கிறாள்.

"அது வந்தும்மா, செக்கப். எக்ஸ்டென்சிவ் செக்கப். ஒண்ணு விடாம விலாவாரியா பாத்துருக்காங்களாம்."

"விலாவாரியாவா?"

"ஆமா. எல்லா டெஸ்ட்டும்."

இவ்வளவு லேசாக ஒரு பொய் வரும் என்று தாரணி நினைத்திருக்கவில்லை. தங்கபுஷ்பம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அதான பாத்தேன், எத்தினி தபா ஊசி குத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தியாக்கா, என் கணக்கு தப்பாப் போச்சு" என்றாள் ஷகீலா. "தப்பாப் போனா நல்லதுதான்."

அன்றைக்கு முழுக்கத் தங்கபுஷ்பம் அந்த வார்த்தையை விடவில்லை. கஞ்சி கொண்டுவந்த ஆயாவிடம், "எனுக்கு எக்ஸ்டென்சிவ் செக்கப் பண்ணிகிறாங்க" என்றாள். கடை சூப்பர்வைசருக்கு போன் போட்டு, வேலைக்கு ஆள் எடுத்துவிட வேண்டாம், எக்ஸ்டென்சிவ் செக்கப் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றாள். ஆடிக் கழிவுக்குள் வந்துவிடுவாயா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அதுக்குள்ளயா, அதுக்கு முன்னயே" என்று சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலேஜ் முதல் பெஞ்சை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் முகத்தில் அறைந்து சாத்திய கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டதாக நினைத்திருந்தாள். வந்து முதல் காரியமாக அதே கதவை அம்மாவின் முகத்தில் சாத்தியிருக்கிறாள். அவர்களாவது சிரித்தார்கள். இவள் அன்பு என்று பெயர் வைத்துச் சாத்தினாள்.

மறுநாள் காலை டாக்டர் வெங்கடேஷ் வந்தபோது ஜவஹரும் இருந்தார். லிஃப்டுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நர்ஸ் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிப் பேனாவோடு கொண்டுவந்தார்.

டாக்டர் தாரணியிடம் இங்கிலீஷில் பேசினார். நாளைக்குக் காலையில் முதல் கேஸ் என்றார். மயக்கத்திலிருந்து எழாமலே போகவும் வாய்ப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டியது தன் கடமை என்றார். மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னார், எக்ஸ்டென்சிவ் என்பதால் உள்ளே திறந்த பிறகுதான் முடிவாகத் தெரியும் என்று. அதற்குப் பிறகு தங்கபுஷ்பத்திடம் குனிந்தார்.

"சின்ன ஆபரேஷன்தாம்மா. ஒண்ணும் பயப்படாதீங்க. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தங்கபுஷ்பம் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போடு தங்கம்" என்றார் ஜவஹர்.

அவள் பேனா முனையைக் காகிதத்தில் வைத்தாள். வைத்துவிட்டு எழுதாமல் மகளைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். அந்தக் கட்டிலின் ஒரு பக்கம் சின்ன ஆபரேஷன் இருந்தது, இன்னொரு பக்கம் எக்ஸ்டென்சிவ் இருந்தது. நடுவில் படுத்திருந்தவளுக்கு இரண்டில் சின்னதை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

"தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்றாள் தாரணி.

"என்னம்மா?"

"இப்ப எனக்கு இங்கிலீஷ்ல சொன்னீங்கல்ல. அதை அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

"தாரணி" என்றார் ஜவஹர். குரல் உயரவில்லை, ஆனால் கட்டிலின் கம்பியைப் பிடித்த கை இறுகியது.

டாக்டர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "ப்ளீஸ் கம் அவுட்சைட்."

"வெளிய வரல டாக்டர். வயிறு அவங்களோடது, கையெழுத்து அவங்களோடது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா தப்பும் தவறுமா சொல்லுவேன். நேத்து நீங்க எக்ஸ்டென்சிவ்னு சொன்னப்ப எனக்கு அதுக்கு அர்த்தமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். படிச்ச பொண்ணுன்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்க. படிக்கட்டுல உக்காந்து போன்ல பாத்தேன்."

வார்டில் யாரோ இருமினார்கள். டாக்டர் கோபப்படுவார் என்று தாரணி காத்திருந்தாள், அதற்குத் திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"இங்கிலீஷ்ல சொல்றது எனக்கு ஈஸிம்மா" என்றார் கடைசியில், தங்கபுஷ்பத்தைப் பார்த்து. "சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடலாம். தமிழ்ல இதை எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"நான் ஆரம்பிக்கிறேன் சார்" என்றாள் தங்கபுஷ்பம். பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"எங்க கடையில காலைல தெறந்ததும் மைக்ல ஒரு பொண்ணு பேசும். வெல்கம் வெல்கம்னுட்டு. எக்ஸ்டென்சிவ் கலெக்‌ஷன்னு சொல்லும், பட்டுப் புடவைக்கு. மூணு மாடி சார். ஒரு மாடிய மடிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு மாடிய பிரிச்சுப் போட்ருப்பாங்க. அந்த வார்த்தைன்னா எம்மாம் பெருசுன்னு அங்க வேல செய்யிறவங்களுக்கெல்லாம் தெரியும், தெனம் கேட்டுக்கினுதான இருக்கோம்." மூச்சு வாங்கினாள். "அத போயி ஊசி குத்துறதுக்கா சொல்லுவாங்க?"

ஜவஹர் தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கபுஷ்பம் மகளைப் பார்த்தாள். கல்யாணமாகித் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து பாதி ஆயுசு ஆகிவிட்டது, பேச்செல்லாம் சைதாப்பேட்டைப் பேச்சாக ஆகிவிட்டது. ரொம்ப வலிக்கும்போது மட்டும் பழையது வரும்.

"ஏட்டி, நீ பொய் சொல்லுதேன்னு எனக்கு அப்பமே தெரியும். ஆனா நம்புனேன். படிச்ச பிள்ள சொல்லுதாளே, அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு ஒரு ராத்திரி நம்பிப் பாத்தேன்."

தாரணிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லுங்க சார்" என்றாள் தங்கபுஷ்பம். "எங்கேர்ந்து எங்க வரைக்கும்?"

டாக்டர் போர்வைக்கு மேலே கையை வைத்தார். நெஞ்சுக் குழிக்குக் கீழே தொடங்கி, மெதுவாக இழுத்து, அடி வயிறு வரைக்கும் கொண்டுவந்தார். பிறகு இந்த விலாவிலிருந்து அந்த விலாவுக்கு.

"இவ்வளவும்மா. எடுக்கணும்னா எல்லாத்தையும் எடுக்கணும். அது முடியாது."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையையும் அதே இடத்தில் வைத்து, அதே மாதிரி ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தினி நாளு?"

"கரெக்டா சொல்ல முடியாது. மாசக் கணக்குதான். வருஷக் கணக்கு இல்ல."

"ஆப்ரேசன் பண்ணா?"

"கொஞ்சம் சாப்பிடலாம். வாந்தி நிக்கும். ஆனா அதுலயே ஏதாவது ஆகவும் ஆகலாம்."

"சின்ன ஆப்ரேசன்னீங்க."

"தப்புதான். சின்னது இல்ல."

தங்கபுஷ்பம் தலையை அசைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாளோ என்று ஜவஹர் பயந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக உட்கார முயன்றாள். தாரணி தலையணையைச் சரிசெய்யப் போனாள்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"தங்கம், நான் இருக்கேனே" என்றார் ஜவஹர்.

"இருங்கன்றேன்ல. நான் சாரோட பேசணும்."

"நான் எங்கக்கா போவேன், வயித்துல தையல வெச்சுக்கினு?" என்றாள் ஷகீலா பக்கத்துக் கட்டிலிலிருந்து. "காதப் பொத்திக்கிறேன். சத்தியமா." துப்பட்டாவைத் தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டார்.

வராந்தாவில் அப்பாவும் மகளும் தள்ளித் தள்ளி நின்றார்கள். கீழே லஸ் முனைப் பக்கமிருந்து மெட்ரோவுக்குத் துளை போடும் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

"திருப்தியா உனுக்கு?" என்று கேட்டார் ஜவஹர்.

தாரணிக்குத் திருப்தி இல்லை. தப்பு செய்துவிட்டதாகவும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தது, அதில் நிற்பதற்கு யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. நீளமாகப் பேசினாள், நிறுத்தினாள், மறுபடியும் பேசினாள். டாக்டரின் குரல் குறைவாக, சின்னச் சின்னதாக வந்தது. தமிழ்தான். வார்த்தைகள் மட்டும் பிடிபடவில்லை. தாரணி ஒரு அடி எடுத்து வைத்தாள். ஜவஹர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை அப்புறம் விடவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். தாரணியிடம் எதையும் விளக்காமல், "உள்ள போங்க, அவங்களே சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தங்கபுஷ்பம் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காகிதம் அட்டையிலேயே இருந்தது, கையெழுத்து இல்லாமல்.

"நாளைக்கு இல்ல" என்றாள். "வூட்டுக்குப் போயிட்டு திங்கக்கெழம வரேன்னு சொல்லிட்டேன். கஞ்சித் தண்ணி மட்டும் குடிக்கணுமாம். வாந்தி ஜாஸ்தியானா ஒடனே வந்துரணுமாம். சரின்னுட்டேன்."

"அதுக்கு அவரு ஒத்துக்கினாரா?" என்றார் ஜவஹர்.

"அவரு இன்னா ஒத்துக்கிறது?"

"திங்கக்கெழம ஆப்ரேசன் உண்டுதான?"

"வந்து சொல்றேன்னு சொல்லிகிறேன்."

ஜவஹர், ஆட்டோ பார்க்கிறேன் என்று இறங்கிப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது பின்பக்கமிருந்தே தெரிந்தது.

"ம்மா" என்றாள் தாரணி. "வேற இன்னா கேட்ட அவர்கிட்ட?"

"அத உன்கிட்ட சொல்லணும்னு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாரணி திருப்பிப் பேசியிருப்பாள், அவளுக்குத் தெரிந்தது அதுதான். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தாள். அம்மாவின் கால் வீங்கியிருந்தது. வாரைத் தளர்த்தி, பாதத்தைப் பிடித்து உள்ளே நுழைக்கப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் காலை இழுத்துக்கொண்டாள்.

"வெச்சிடு. நானே போட்டுக்கிறேன்."

ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் செருப்பைத் துழாவித் துழாவி இழுத்தாள். அதற்கு வெகு நேரம் ஆனது. தாரணி கை வைக்காமல் பக்கத்தில் நின்றாள்.